50 வீரர்களை அனுப்ப ஒரு நாடு என்னவெல்லாம் செய்ய வேண்டும்?

பால்டிக் கடலோரம் இருக்கும் சிறிய ஐரோப்பிய நாடான எஸ்டோனியாவின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம். 2008-ம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களுக்கு ஸ்வீடன் தலைமையில் 'நார்டிக் பேட்டில்குரூப்' என்ற விரைவுப் படை தயார் நிலையில் இருந்தது. ஸ்வீடன் மட்டும் 2,000 பேருக்கு மேல் கொடுத்தது. பின்லாந்து, நார்வே, அயர்லாந்தும் சேர்ந்தன. எஸ்டோனியாவின் பங்கு ஏறத்தாழ 50 வீரர்கள். பெயருக்குச் சேர்ந்துகொண்டது போலத்தான் தோன்றும். ஆனால் அந்த 50 பேருக்காக ஒரு சின்ன நாடு செய்ய வேண்டிய வேலை கொஞ்சமல்ல.

முதலில் இந்தப் படை எதற்கு என்று பார்க்கலாம். 2003-ல் காங்கோவின் பூனியா நகரில் வன்முறை வெடித்தபோது, பிரான்ஸ் தலைமையில் ஒரு சிறிய ஐரோப்பியப் படை வேகமாகப் போய் இறங்கியது. அந்த அனுபவத்தை வைத்து ஐரோப்பிய ஒன்றியம் 2004-ல் ஒரு திட்டம் போட்டது. 'பேட்டில்குரூப்' எனப்படும், தலா 1,500 பேர் கொண்ட இரண்டு குழுக்கள் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பு வேறு நாடுகளுக்கு மாறும். அனுப்புவது என்று முடிவெடுத்த 10 நாளில் களத்தில் வேலை தொடங்க வேண்டும். வெளியிலிருந்து உதவி வராமலே 30 நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். 2007 ஜனவரியில் இது முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

10 நாள் என்பது ராணுவத்தில் மிகக் குறைந்த அவகாசம். அதற்குள் ஆள் தேடவும் பயிற்சி கொடுக்கவும் முடியாது. எல்லாமே முன்பே முடிந்திருக்க வேண்டும். சின்ன நாட்டுக்குக் கணக்கு இடிப்பது இங்கேதான். 50 பேர் காத்திருப்பில் இருக்கும்போது, அடுத்த முறைக்கான 50 பேர் பயிற்சியில் இருப்பார்கள், முந்தைய முறையில் இருந்த 50 பேர் ஓய்வில் இருப்பார்கள். தொடர்ந்து 50 பேரைத் தர நினைக்கும் நாட்டுக்கு உண்மையில் 150 பேர் வேண்டும். எஸ்டோனியாவின் ராணுவம் கட்டாயப் பணி முறையில் நடக்கிறது. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் தொழில்முறை வீரர்கள். அவர்களில் பெரும்பகுதி ஒரே பட்டாலியனில், அதாவது ஸ்கவுட்ஸ் பட்டாலியனில் இருப்பவர்கள். ஒரு படைக்கு வாக்குக் கொடுத்த ஆளை அதே நேரத்தில் இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது.

அப்புறம் பொருத்தம். பல நாட்டு வீரர்கள் ஒரே களத்தில் நிற்கும்போது ஒருவரின் தோட்டா இன்னொருவரின் துப்பாக்கியில் நுழைய வேண்டும், ரேடியோக்கள் ஒன்றோடொன்று பேச வேண்டும். நேட்டோ ராணுவக் கூட்டணியின் தரநிர்ணய ஒப்பந்தங்கள் தோட்டாவின் அளவிலிருந்து வாகன எரிபொருள் வரை இதைத்தான் வரையறுக்கின்றன.

போக்குவரத்துக்கு ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. சி-17 போன்ற பெரிய சரக்கு விமானத்தை எஸ்டோனியா தனியாக வாங்க முடியாது. எனவே அமெரிக்கா உட்பட 12 நாடுகள் சேர்ந்து மூன்று சி-17 விமானங்களை வாங்கி, ஹங்கேரியின் பாப்பா விமானத் தளத்தில் நிறுத்தியிருக்கின்றன. ஒவ்வொரு நாடும் வருடத்துக்கு இத்தனை பறக்கும் மணிநேரம் என்று பங்கு போட்டுக்கொண்டது. தொடக்க ஒப்பந்தத்தில் இருந்த 3,165 மணிநேரத்தில் எஸ்டோனியாவுக்கு 45, ஸ்வீடனுக்கு 550. சின்ன நாடுகளின் ராணுவ ஒத்துழைப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. காசுக்கேற்ற பங்கு, அந்தப் பங்குக்குள் யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

சரி, ஆள் தயார், விமானம் தயார். பிறகும் ஏன் தாமதம்? அனுமதியும் பணமும்தான் காரணம். எஸ்டோனியாவில் வீரர்களை வெளிநாட்டுக்கு அனுப்ப ரீகிகோகு எனப்படும் நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். நேட்டோவுக்குத் தனியாக உள்ள விரைவுப் படைக்கு அதிகபட்சம் இத்தனை பேர் என்று முன்கூட்டியே ஒப்புதல் தந்துவிடுவதால் அங்கே நேரம் மிச்சமாகிறது. பணத்தில்தான் பெரிய சிக்கல். ஐரோப்பிய ஒன்றியப் படைகளில் பொதுச் செலவு போக மீதியை வீரர்களை அனுப்பும் நாடே ஏற்க வேண்டும். நெருக்கடி வரும்போது யாருடைய முறையோ அவர் தலையில்தான் பெரும் செலவு விழும்.

இதன் விளைவு 2014-ல் வெளிப்படையாகத் தெரிந்தது. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் மக்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஜனவரி 28-ல் ஐ.நா. பாதுகாப்பு சபை ஐரோப்பியப் படைக்கு அனுமதி தந்தது. அந்த அரையாண்டுக்குத் தயாராக இருந்த பேட்டில்குரூப்பை அனுப்பவில்லை. நாடு நாடாகக் கேட்டுப் புதிதாக ஒரு படை சேர்த்தார்கள். அது ஏப்ரல் 1-ல் தொடங்கி ஜூன் நடுவில்தான் முழுபலம் பெற்றது. 10 நாள் என்ற வாக்குறுதி எங்கே, நான்கரை மாதம் எங்கே! அந்தத் தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் அந்நாட்டின் தலைநகரான பாங்கியின் மக்கள். இன்றுவரை எந்த பேட்டில்குரூப்பும் களத்துக்கு அனுப்பப்படவில்லை என்பதை அவமானமாகவே கருதுகிறேன்.

அந்தப் புதிய படைக்குக் கை கொடுத்த நாடுகளில் எஸ்டோனியாவும் ஒன்று. சுமார் 55 வீரர்கள் பாங்கி விமான நிலையப் பகுதியில் காவல் நின்றார்கள். 2018-ல் மாலியில் பிரெஞ்சுப் படையோடும் சேர்ந்தார்கள். சஹாராவின் ஓரத்தில் எஸ்டோனியாவுக்கு நேரடியாக என்ன வேலை? நம் ஊர் மொய் நோட்டுக் கணக்குதான். அதன் எல்லைக்கு அப்பால் ரஷ்யா இருக்கிறது. கடைசி ரஷ்யப் படைகள் வெளியேறியதே 1994 ஆகஸ்டில்தான். ஆபத்து வந்தால் பெரிய நாடுகள் வந்தே ஆக வேண்டும். 2017 முதல் எஸ்டோனியாவின் டாபா தளத்தில் பிரிட்டன் தலைமையிலான நேட்டோ படை நிற்கிறது, அதில் பிரெஞ்சு வீரர்களும் இருந்திருக்கிறார்கள்.

ஆள் பலத்தில் போட்டியிட முடியாத நாடு, மற்றவர்களிடம் குறைவாக உள்ள திறமையைக் கொடுப்பதும் ஒரு வழி. பால்டிக் கடலின் அடியில் இரண்டு உலகப் போர்களின் கடற்கண்ணிவெடிகள் இன்னும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றை அகற்றிப் பழகிய எஸ்டோனியக் கடற்படை, பிரிட்டனிடம் வாங்கிய சாண்டவுன் வகைக் கப்பல்களோடு நேட்டோவின் கண்ணி அகற்றும் அணியில் பணியாற்றுகிறது.

ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த மறுநாள், 2022 பிப்ரவரி 25-ல், நேட்டோ தன் விரைவுப் படையைக் கூட்டுப் பாதுகாப்புக்காக முதன்முறையாக இயக்கியது. சில நாட்களில் பிரெஞ்சு, பெல்ஜிய வீரர்கள் ருமேனியாவில் இருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் அந்த ஆண்டு மார்ச்சில் 5,000 பேர் கொண்ட புதிய விரைவுப் படைக்குத் திட்டம் வகுத்தது. ஆனால் அதை அனுப்ப உறுப்பு நாடுகளின் ஒருமித்த முடிவு வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை.