எட்டாம் வகுப்பிலேயே முடிந்துவிடும் முதல் ரேங்க்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் வேலிடிக்டோரியன் யார், சலூட்டடோரியன் யார் என்று மே மாதம் அறிவிப்பார்கள். நம்மூர்க் கணக்கில் முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க். பன்னிரண்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் ஓடி முடித்த ஓட்டத்தின் முடிவு அது என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். டெக்சாஸில் முதலில் நடுநிலைப் பள்ளியிலும் இப்போது உயர்நிலைப் பள்ளியிலும் மாணவர்களுக்குப் பாடத் தேர்வில் வழிகாட்டும் கவுன்சிலராக வேலை பார்க்கும் எனக்கு அது அப்படித் தெரியவில்லை. யார் யார் ஓடலாம் என்பது எட்டாம் வகுப்புப் பிப்ரவரியில், பாடத் தேர்வுப் படிவம் நிரப்பும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. இனப் பாகுபாடு என்று ஒன்று இருந்தால் அது மே மாத மேடையில் இருப்பதைவிட அந்தப் படிவத்தில்தான் அதிகம் இருக்கிறது.

இது வெறும் பதக்கச் சண்டை இல்லை. 1997இல் டெக்சாஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது: பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். இனத்தைப் பார்த்து இடம் தரக் கூடாது என்று ஒரு நீதிமன்றத் தீர்ப்பு அதற்கு முந்தைய ஆண்டு வந்திருந்தது. அதற்குச் சுற்றிப் போன வழி இது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அந்த வாசல் குறுகிக்கொண்டே வந்து ஆறு சதவீதத்தில் நின்றது, 2026 சேர்க்கைக்கு ஐந்தாகிவிட்டது. பள்ளியில் முதல் ரேங்க் வாங்கியவருக்கு மாநில அரசுக் கல்லூரிகளில் முதல் இரண்டு செமஸ்டருக்குக் கல்விக் கட்டணம் இல்லை. சராசரி மதிப்பெண்ணில் தசம புள்ளிக்குப் பின்னால் இரண்டாவது இலக்கத்துக்காகப் பெற்றோர் வக்கீலோடு வருகிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது.

செய்தியில் அடிபட்ட சர்ச்சைகள் பெரும்பாலும் தெற்கிலிருந்து வந்தவை. மிசிசிப்பி டெல்டாவில் கிளீவ்லாண்ட் என்று ஒரு சின்ன ஊர். ரயில் பாதைக்கு ஒரு பக்கம் கறுப்பின மக்கள், மறுபக்கம் வெள்ளையர். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிப் பள்ளி. பிரிவினையை ஒழிக்கக் கோரி 1965இல் போட்ட வழக்கில், இரண்டு உயர்நிலைப் பள்ளிகளையும் ஒன்றாக்கச் சொல்லி நீதிபதி உத்தரவிட்டது 2016இல். ஐம்பத்தொரு வருடம்! 2017இல் ஒரே பள்ளியாகத் திறந்தார்கள். அந்த 2016இலேயே பழைய பள்ளி ஒன்றில் ஒரு கறுப்பின மாணவி முதலிடம் வந்தார். கூடவே ஒரு வெள்ளை மாணவிக்கும் 'இணை முதலிடம்' கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அந்தக் கறுப்பின மாணவி தரப்பில் வழக்கு. ஒன்றாக்கப்பட்ட பள்ளியில் 2018இல் படித்து முடித்த இன்னொரு கறுப்பின மாணவி, முன்பு தன் பழைய பள்ளியில் எடுத்த பாடங்களுக்கான புள்ளிகளைக் குறைத்துவிட்டதால் இரண்டாமிடம் கைநழுவியது என்று வழக்குப் போட்டார். ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் அதை ஏற்கவில்லை. இனத்தை மனதில் வைத்துத்தான் அப்படிச் செய்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது.

அதே மிசிசிப்பியில் வெஸ்ட் பாயின்ட் என்ற ஊர், 2021. முதலிடமும் இரண்டாமிடமும் இரண்டு கறுப்பின மாணவிகளுக்கு என்று அறிவித்தாகிவிட்டது. வெள்ளைப் பெற்றோர் சிலர் கணக்கைக் கேள்வி கேட்டார்கள். பட்டமளிப்புக்குள் இரண்டு வெள்ளை மாணவர்களும் இணையாகச் சேர்க்கப்பட்டார்கள். எந்தச் சராசரி செல்லும், நாலு புள்ளி அளவிலா நூற்றுக்கா என்பதில் குழப்பம். முடிவெடுத்த, அவ்வூர்ப் பள்ளி நிர்வாகத்தின் தலைவரான கண்காணிப்பாளரே கறுப்பினத்தவர், தன் முடிவில் இனம் இல்லை என்றார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். அந்த மாணவிகளுக்கு வலித்ததையும் நம்புகிறேன். விதி தெளிவாக இல்லாத இடத்தில், யார் வந்து கேட்கத் துணிகிறாரோ அவர் பக்கம் கணக்கு சாயும். பள்ளி அலுவலகத்துக்கு வந்து குரல் உயர்த்திக் கேட்கும் தைரியம் எல்லாப் பெற்றோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை.

இந்தச் சர்ச்சைகள் எல்லாமே கடைசிப் படியைப் பற்றியவை. நீதிமன்றத்தில் எதை நிரூபிக்கச் சொல்வார்கள்? உள்நோக்கத்தை. உள்நோக்கத்தை யாரும் எழுதிவைப்பதில்லை. முந்தைய படிகளைப் பார்க்கிறவருக்கு உள்நோக்கமே தேவைப்படாது என்பது புரியும். கணக்கே வேலையை முடித்துவிடும்.

சாதாரணப் பாடத்தில் ஏ வாங்கினால் 4, ஏபி எனும் கல்லூரித் தரப் பாடத்தில் ஏ வாங்கினால் 5 என்று வைத்துக்கொள்வோம். (டெக்சாஸில் 6 வரை போகும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுகளும், அதாவது ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்களும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அளவுகோல்.) இரண்டு பேருமே ஏழு பாடத்திலும் ஏ. ஒருத்தி ஐந்து ஏபி எடுத்தவள்: 33ஐ ஏழால் வகுத்தால் 4.71. இன்னொருத்தி இரண்டு ஏபி: 30ஐ ஏழால் வகுத்தால் 4.29. இரண்டாமவள் ஒரு மதிப்பெண்கூடக் கோட்டை விடவில்லை, ஆனாலும் அவளால் அந்த இடைவெளியை எட்டவே முடியாது. ஆறு ஏபியோடு பள்ளி இசைக்குழுவான பேண்டில் வாசிக்கும் பிள்ளைக்கு இன்னும் வேடிக்கை. பேண்டிலும் ஏ வாங்கினால் சராசரி 5.00இலிருந்து 4.86க்கு இறங்கும். "அக்கா, பேண்டை விட்டுடச் சொல்லவா?" என்று கோயிலில் என்னைப் பிடித்துக் கேட்காத அம்மா குறைவு. வேண்டாம் என்றுதான் சொல்வேன். கேட்பவர்களும் குறைவு.

ஆக, யாருக்கு எத்தனை ஏபி கிடைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த வரிசை ஒன்பதாம் வகுப்பில் தொடங்கும். கணக்குப் பாடத்துக்கு இன்னும் முன்னால். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 முடித்தால்தான் ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ் என்று ஏறிப் பன்னிரண்டில் ஏபி கால்குலஸ் தொடலாம். ஒன்பதில் தொடங்கும் பிள்ளை ஒரே வருடத்தில் இரண்டு கணக்குப் பாடம் எடுத்தாலொழிய அங்கே போய்ச் சேராது. அல்ஜீப்ராவுக்கு யாரை அனுப்புவது என்பது ஆறாம் வகுப்புக் கணக்குப் பிரிவிலேயே பாதி தீர்ந்துவிடும்.

நடுநிலைப் பள்ளியில் என் மேசைக்கு வந்த படிவங்களில் ஒன்றைச் சொல்கிறேன். இடப்பக்கம் பாடப் பெயர்கள், நடுவில் மாணவர் குறிக்கும் கட்டம், வலப்பக்கம் ஆசிரியர் பரிந்துரை, அடியில் பெற்றோர் கையெழுத்து. கறுப்பின மாணவி ஒருத்தி ஹானர்ஸ் (சாதாரணப் பிரிவைவிடக் கடினமானது) ஆங்கிலத்தையும் ஏபி ஹியூமன் ஜியாக்ரஃபியையும் குறித்திருந்தாள். வருடம் முழுக்க ஏ. ஆசிரியர் இரண்டையும் அடித்துவிட்டு ரெகுலர் என்று எழுதி, பக்கத்தில் ஒரு வரி: நல்ல பெண், வேகம் தாங்குமா தெரியவில்லை. அதே படிவக் கட்டில் ஏயும் பியும் கலந்து வாங்கிய ஒரு வெள்ளைப் பையனின் படிவம். அதே ஆசிரியர், அதே பேனா: கொஞ்சம் தள்ளிவிட்டால் வந்துவிடுவான், ஹானர்ஸ் தரலாம். அந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை. மாலை ஐந்து மணி வரை பள்ளியில் இருந்து பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவார். அந்தப் பெண்ணைச் சிரமத்திலிருந்து காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். படிவத்தை எடுத்துக்கொண்டு போய் மதிப்பெண்ணைக் காட்டியதும் மாற்றிக் கொடுத்துவிட்டார். ஆனால் அது என் கண்ணில் படாமல் போயிருந்தால், நான்கு வருடம் கழித்து அவள் ரேங்க் 'வெறும் கணக்கு' என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

இது ஓர் ஆசிரியரின் குணம் சார்ந்த விஷயம் இல்லை. 2016இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாடு தழுவிய தரவை வைத்துப் பார்த்தபோது, அதே தேர்வு மதிப்பெண் எடுத்த கறுப்பினக் குழந்தை, ஆசிரியர் கறுப்பினத்தவர் இல்லாதபோது திறமை மிக்க குழந்தைகளுக்கான 'கிஃப்டட்' திட்டத்துக்குள் போகும் வாய்ப்பு குறைவாக இருந்தது தெரிந்தது. ஃபுளோரிடாவின் பிரவர்ட் கவுண்டியில் இன்னொரு விதமாக இது வெளிப்பட்டது. அங்கே 2005 வரை பெற்றோரோ ஆசிரியரோ சொன்ன குழந்தைக்குத்தான் கிஃப்டட் சோதனை. பிறகு இரண்டாம் வகுப்பில் எல்லோருக்கும் முதற்கட்டச் சோதனை வைத்தார்கள். கறுப்பின, ஹிஸ்பானிக் குழந்தைகளின் எண்ணிக்கை நன்றாக ஏறியது. பிள்ளைகள் திடீரென்று புத்திசாலி ஆகிவிடவில்லை. யாரும் அதுவரை அவர்களைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பணமில்லை என்று அந்த ஏற்பாட்டை நிறுத்தியதும் எண்ணிக்கை திரும்ப இறங்கியது.

பரிந்துரையைத் தூக்கிவிட்டு மதிப்பெண்ணைப் பார்த்துத் தானாகவே சேர்த்துவிடு என்பதுதான் நான் பார்த்தவரை உருப்படியான மருந்து. வட கரோலினா 2018இல் சட்டம் போட்டது: மாநிலக் கணக்குத் தேர்வில் உச்ச நிலை எடுத்த பிள்ளையை அடுத்த ஆண்டு அட்வான்ஸ்டு கணக்கிலேயே சேர்க்க வேண்டும். டெக்சாஸும் 2023இல் இதைச் சட்டமாக்கியது. ஐந்தாம் வகுப்புத் தேர்வில் மேல் நாற்பது சதவீதத்தில் வந்தவர் ஆறாம் வகுப்பு அட்வான்ஸ்டு கணக்கில் தானாகச் சேருவார். வேண்டாமென்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். பல தமிழ்ப் பெற்றோருக்கு இந்தச் சட்டம் தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர்கள் பிள்ளைகள் எப்படியும் உள்ளே போய்விடுகிறார்கள். ஒருவேளை போகாவிட்டால் ஒரே ஒரு மின்னஞ்சல் போதும். அந்த மின்னஞ்சலை யாரிடம், எந்தத் தொனியில் எழுதுவது என்று தெரிந்திருப்பதே ஒரு சொத்து.

மதிப்பெண்ணால் அளக்க முடியாத கௌரவங்கள் வேறு கதை. சிறந்த மாணவர்களைத் தேர்ந்து சேர்த்துக்கொள்ளும் நேஷனல் ஹானர் சொசைட்டி 1921இல் தொடங்கியது. படிப்பு, தலைமை, சேவை, குணம் என்று நான்கு அளவுகோல். படிப்புக்கு எண் உண்டு. குணத்துக்கு? பள்ளி முதல்வர் நியமிக்கும் ஐந்து ஆசிரியர் குழு வாக்களிக்கும். தாமதமாக வந்ததற்கு எழுதப்பட்ட சீட்டு, வகுப்பில் எதிர்த்துப் பேசியது எல்லாம் அங்கே 'குணம்' ஆகிவிடும். பள்ளியிலிருந்து தற்காலிகமாக நீக்கும் தண்டனையில் கறுப்பின மாணவர்களுக்கு விழும் பங்கு அவர்கள் எண்ணிக்கையைவிட அதிகம் என்பது மத்தியக் கல்வித் துறையின் தரவிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இதே கத்தி வேறு பக்கமாக வெட்டும். 'அமைதியானவன், தலைமைப் பண்பு தெரியவில்லை' என்பார்கள். சேர்க்கையில் இனம் பார்ப்பதாக ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மீது போட்ட வழக்கில் ஆசிய மாணவர்களின் 'ஆளுமை' மதிப்பீடு மட்டும் சராசரியாகக் குறைவாக இருந்தது வெளியே வந்தபோது நம் வாட்ஸ்அப் குழுக்கள் கொதித்தன. நியாயம்தான்.

அந்தக் கொதிப்பு ஒரு பக்கத்துக்கு மட்டும் வருவதுதான் எனக்கு உறுத்தல். வர்ஜீனியாவில் தாமஸ் ஜெஃபர்சன் என்ற அறிவியல், தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில் 2020 வரை நுழைவுத் தேர்வு இருந்தது. அந்த ஆண்டு தேர்வான 486 பேரில் கறுப்பின மாணவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. தேர்வை எடுத்துவிட்டதும் ஆசிய மாணவர் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54க்கு இறங்கியது. இந்தியப் பெற்றோர் பலரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் வென்று, 2023இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். 2024இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது. அவர்கள் வருத்தம் பொய்யில்லை, தேர்வுக்காக வருடக்கணக்கில் உழைத்த பிள்ளைகள் அவை. ஆனால் "அவங்க பசங்க படிக்க மாட்டாங்க, நாம என்ன பண்றது" என்று ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் பிரியாணித் தட்டோடு ஒருவர் சொல்லும்போது, சாதியைக் காட்டி இதே வாக்கியத்தை நம் ஊரில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம் என்று யாராவது கேட்க வேண்டும். நான் கேட்டிருக்கிறேன். அடுத்த பாட்லக்குக்குக் கூப்பிடவில்லை.

பெற்றோராக நீங்கள் செய்யக்கூடியது முழுக்கக் காகித வேலை. எட்டாம் வகுப்பு முடிவதற்குள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டின் கையேட்டை எடுத்து ரேங்க் கணக்குப் பக்கத்தைப் படியுங்கள். எந்தப் பாடங்கள் கணக்கில் சேரும், நடுநிலைப் பள்ளியில் எடுத்த அல்ஜீப்ரா சேருமா, கோடையில் ஆன்லைனில் எடுத்தது சேருமா, கல்லூரியோடு சேர்ந்து எடுக்கும் டூயல் கிரெடிட்டுக்கு என்ன எடை, சமன் வந்தால் எப்படித் தீர்ப்பது, எந்தத் தேதியோடு கணக்கு மூடப்படும். கையேட்டில் இல்லாததை மின்னஞ்சலில் கேளுங்கள். நேரில் சொன்ன பதிலையும் "நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன்" என்று அன்றே எழுதி அனுப்பிவிடுங்கள். ஆசிரியர் பரிந்துரைக்காவிட்டாலும் பெற்றோர் பொறுப்பில் ஹானர்ஸ் எடுக்கலாம் என்று பல இடங்களில் தனிப் படிவம் உண்டு. கேட்டால்தான் தருவார்கள். பிள்ளையின் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை 1974 முதல் மத்தியச் சட்டத்தில் இருக்கிறது, பள்ளி 45 நாளுக்குள் காட்ட வேண்டும். பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தால் அந்த உரிமை பிள்ளைக்குப் போய்விடும் என்பதைப் பலரும் பன்னிரண்டாம் வகுப்பில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

இனம் காரணம் என்று உண்மையாகவே தோன்றினால், 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் ஆறாம் பகுதியின் கீழ் மத்தியக் கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகத்தில் புகார் தரலாம். வக்கீல் வேண்டியதில்லை. ஆனால் சம்பவம் நடந்த 180 நாளுக்குள் தர வேண்டும். எட்டாம் வகுப்புப் பிப்ரவரியில் அடிக்கப்பட்ட ஒரு வரிக்கு அந்தக் கெடு ஆகஸ்டில் முடிந்துவிடும். அதன் விளைவு ரேங்க் பட்டியலில் தெரிய இன்னும் மூன்று, நான்கு வருடம் இருக்கும். அதனால் மே மாதத்தில் என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது மதிப்பெண்ணை இல்லை. எட்டாம் வகுப்புப் படிவத்தின் நகல் வைத்திருக்கிறீர்களா என்றுதான். இந்தப் பிப்ரவரியில் படிவம் வீட்டுக்கு வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டில் ஹிஸ்பானிக் குடும்பமோ கறுப்பினக் குடும்பமோ இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.