ஹைட்ரோகிராக்கிங்: ‘நீர்ப் பிளப்பு’ அன்று

எண்ணெய்ச் சுத்திகரிப்பைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், கனமான எண்ணெயை ஹைட்ரஜன் சேர்த்து இலகுவான எரிபொருளாகப் பிளக்கும் ஹைட்ரோகிராக்கிங்கை ‘நீர்ப் பிளப்பு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ‘ஹைட்ரோ’ கிரேக்கத்தில் நீர்தான். இந்தச் சொல்லிலோ அது ஹைட்ரஜனின் சுருக்கம். கிராக்கிங் என்பது பிளத்தல். வேர் அவ்வளவே.

எச்சத்தைக் கையாளும் வகை ஆலையில் பிளக்கப்படுவது, வெற்றிட வடிகலனின் (அழுத்தத்தைக் குறைத்து எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும் கலன்) அடியில் தங்கும், ஏறக்குறைய 540 டிகிரி செல்சியசுக்கு மேல் கொதிக்கும், தார் போன்ற எச்சம். 400 முதல் 440 டிகிரி வெப்பம், 100 முதல் 200 பார் அழுத்தம், நிக்கல்-மாலிப்டினம் வினையூக்கி. வெப்பத்தில் உடைந்த மூலக்கூறின் முனையில் ஹைட்ரஜன் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாவிட்டால் துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கரியாகிவிடும். எண்ணெயோடு வரும் நிக்கலும் வனேடியமும் வினையூக்கியின் துளைகளை அடைப்பது தனித் தலைவலி.

இதில் நீர் எங்கே? பிளப்பு நடக்கும் கலனான உலையைத் தாண்டி, குளிர்விப்பானுக்கு முன்னால்தான். கந்தகமும் நைட்ரஜனும் ஹைட்ரஜன் சல்பைடு, அம்மோனியாவாக மாறி, குளிரும்போது அம்மோனியம் பைசல்பைடு உப்பாகிக் குழாயை அடைக்கும். அதைக் கரைக்கக் கழுவுநீர் செலுத்துகிறார்கள். அந்த நீர் எதையும் பிளப்பதில்லை. உலைக்குள்ளேயே நீர் புகுந்தால் வினையூக்கி மணிகள் வலுவிழந்து நொறுங்கும். ‘நீர்ப் பிளப்பு’ என்று படித்துவிட்டு வரும் பயிற்சியாளர் எந்த வால்வைத் தேடுவார்?

இலக்கணமும் இடிக்கிறது. விறகுப் பிளப்பு என்றால் விறகைப் பிளப்பது. அந்தக் கணக்கில் நீர்ப் பிளப்பு என்பது மின்சாரத்தால் நீரை ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிப்பதற்கே பொருந்தும். தனித்தமிழ் அன்பர்கள் சொல்லும் ‘நீரகப் பிளப்பு’க்கும் இதே கதி: பிளவுபடுவது நீரகம், அதாவது ஹைட்ரஜன், என்றாகிவிடுகிறது. நீரகம் நல்ல சொல்தான். வேற்றுமை உருபை விழுங்கிய தொகைதான் பிசகு.

கடலூர்ப் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. ஹைட்ரோகார்பன் கிணறு என்றாலே இங்கே ஊர் கூடிப் பேசும். பாறையை நீரழுத்தத்தால் விரிசல்விடச் செய்வதையும் ‘நீர்ப் பிளப்பு’ என்று எழுதினால், ஆலைக்குள் நடப்பதும் வயலுக்கு அடியில் நடப்பதும் ஒன்றாகிவிடும்.

இத்தனைக்கும் சரியான சொல் பாடநூலிலேயே இருக்கிறது. நிக்கல் வினையூக்கியோடு தாவர எண்ணெயை வனஸ்பதியாக்குவது ஹைட்ரஜனேற்றம். நீர் சேர்ப்பது நீரேற்றம். ஆகவே இது ஹைட்ரஜனேற்றப் பிளப்பு. நீளம்தான், ஆனால் எது ஏறுகிறது என்பதில் ஐயமில்லை. ஜெர்மனியின் லாய்னாவில் 1927-இல் பழுப்பு நிலக்கரியைப் பெட்ரோலாக்கத் தொடங்கியதும் ஹைட்ரஜனேற்றத்தால்தான். நெய்வேலியில் தோண்டுகிற அதே இன நிலக்கரி.

‘எச்ச’த்தைக் ‘கசடு’ என்று எழுதுவதையும் நிறுத்தலாம். தொட்டியடியில் மண்ணும் துருவும் நீரும் கலந்து படிவது கசடு. அதை அள்ளி அப்புறப்படுத்துவார்கள். எச்சமோ உலைக்குப் போகும் மூலப்பொருள்.