பண்பாடுகளிடைக் கற்றல்: சொல்லும் பொருளும்

'இன்டர்கல்ச்சுரல் லேர்னிங்' (வெவ்வேறு பண்பாட்டினர் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பது) என்னும் ஆங்கிலத் தொடர், பிற நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளின் அறிக்கைகளிலும், பெற்றோருக்குச் செல்லும் கடிதங்களிலும் இன்று அடிக்கடி இடம்பெறுகிறது. தமிழில் இதனைப் 'பல்பண்பாட்டுக் கல்வி' என்றும் 'பன்முகக் கலாசாரக் கல்வி' என்றும் 'கலாசாரப் பரிமாற்றம்' என்றும் பலவாறு எழுதுகிறார்கள். முதல் இரண்டிலும் 'இன்டர்' என்ற முன்னொட்டு விடுபடுகிறது. மூன்றாவதில் கற்றலே விடுபடுகிறது. தொடரின் உயிர் அந்த முன்னொட்டில்தான் இருக்கிறது என்பதால் இந்த இழப்பு சிறியதன்று.

லத்தீனில் 'இன்டர்' என்றால் இடையே என்று பொருள். 'குல்தூரா' என்பது உழுது பேணுதலைக் குறிக்கும் 'கொலெரே' என்ற வினையிலிருந்து பிறந்தது. மெய்யியலே மனத்தின் உழவு என்று ரோமானிய அறிஞர் சிசரோ எழுதியபோது, நிலத்துக்குரிய சொல் மனத்துக்கும் உரியதாயிற்று. தமிழிலும் மண்ணைப் பண்படுத்துகிறோம், மனத்தையும் பண்படுத்துகிறோம். 'பண்பாடு' என்ற ஆக்கம் கடந்த நூற்றாண்டில் நிலைபெற்றது; ரசிகமணி டி.கே.சி.யின் பெயரோடு அதனை இணைத்துச் சொல்வது வழக்கம். ஆனால் அதன் வேரான 'பண்பு' மிகப் பழையது. பண்பு எனப்படுவது பாடறிந்து ஒழுகுதல் என்கிறது கலித்தொகை. திருக்குறளின் பண்புடைமை அதிகாரத்துக்கு முன்னுரை சொல்லும் பரிமேலழகர் அந்த அடியையே சான்று காட்டி, எல்லார் இயல்புகளையும் அறிந்து ஒத்து ஒழுகுதலே பண்புடைமை என்று விளக்குகிறார். பிறர் இயல்பை அறிவது நம் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. 'கலாசாரம்' என்பதைவிடப் 'பண்பாடு' இங்குப் பொருத்தமானது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

கல்வித் துறையில் இந்தத் தொடருக்கு நூறாண்டை நெருங்கும் வரலாறு உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உட்பரி நகர உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ரேச்சல் டேவிஸ் டுபாய்ஸ், 1920களின் நடுவில், நாட்டில் வாழும் வெவ்வேறு இனத்தவரின் பங்களிப்பை மாணவர்க்கு அறிமுகம் செய்யும் கூட்டங்களைத் தொடங்கினார். 1934இல் நியூயார்க்கில் அவர் நிறுவிய அமைப்பு, பின்னர் 'இன்டர்கல்ச்சுரல்' கல்விக்கான பணியகம் என்றே பெயர் பெற்றது. பொதுக்கூட்டமும் வகுப்புப் பாடமும் போதா, விருந்தினரும் மாணவரும் சிறு குழுவாக நேரில் அமர்ந்து பேச வேண்டும் என்பது அவருடைய முறை. ஐரோப்பாவில் கதை வேறு. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1977இல் பிறப்பித்த ஆணை, குடிபெயர்ந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கு வாழும் நாட்டு மொழியைக் கற்பிக்கவும், தாய்மொழியையும் பெற்றோர் நாட்டின் பண்பாட்டையும் கற்பிப்பதை ஊக்குவிக்கவும் உறுப்பு நாடுகளைப் பணித்தது. அவர்கள் என்றேனும் சொந்த நாட்டுக்குத் திரும்பக்கூடும் என்ற எண்ணம் அதன் பின்னணியில் இருந்தது. அந்தப் பாடம் குடியேறியவர் பிள்ளைகளுக்கு மட்டுமே. கற்க வேண்டியவர்கள் எல்லா மாணவர்களும், ஆசிரியர்களும்கூட, என்ற மாற்றத்தைச் சுட்டவே அங்கும் 'இடையே' என்ற பொருள் தேவைப்பட்டது. யுனெஸ்கோவின் 2005ஆம் ஆண்டு உடன்படிக்கை, பல பண்பாடுகள் இருப்பதோடு நில்லாமல், அவை சம நிலையில் ஊடாடுவதையும் 'இன்டர்கல்ச்சுரல்' என்ற கருத்தின் வரையறையில் சேர்த்தது.

பல பண்பாடுகள் ஒரே கூரையின்கீழ் இருப்பது 'பல்பண்பாடு'. அவற்றுக்கிடையே ஏதேனும் நிகழ்ந்தால்தான் 'இன்டர்'. 'இன்டர்நேஷனல்' என்பதற்கும் 'மல்டிநேஷனல்' என்பதற்கும் 'பன்னாட்டு' என்ற ஒரே சொல்லைக் கையாண்டு, நாடுகளுக்கு இடையில் நடப்பதையும் பல நாடுகளில் நடப்பதையும் பிரித்தறிய முடியாத நிலைக்கு ஏற்கெனவே வந்திருக்கிறோம். அதே பிழை இங்கும் நேரக் கூடாது.

வகுப்பறையில் இந்த வேறுபாடு கண்கூடு. ஆண்டுக்கு ஒரு நாள் பெற்றோரை மரபுடையில் வரச் சொல்லி, அவர்கள் சமைத்ததைப் பரிமாறச் செய்து நன்றி சொல்லி அனுப்புவது பல்பண்பாட்டு விழா. அதில் தீங்கொன்றும் இல்லை. ஆனால் பெற்றோர் அங்குக் காட்சிப்பொருளாக நிற்கிறார்கள். வகுத்தல் கணக்கை எடுத்துக்கொள்வோம். வகுக்கும் எண்ணைச் சில நாடுகளில் இடப்புறமும் சில நாடுகளில் வலப்புறமும் எழுதுவார்கள்; தசமப் புள்ளி வரும் இடத்தில் காற்புள்ளி இடும் நாடுகள் பல. வீட்டில் தாய் சொல்லிக்கொடுத்த வழியைத் தவறென்று எண்ணிப் பிள்ளை அழிப்பானைக் கொண்டு அழித்துவிடும். அந்தத் தாயை அழைத்து அவருடைய வழியைக் கரும்பலகையில் செய்துகாட்டச் சொல்லி, பக்கத்தில் தம் வழியையும் எழுதுகிற ஆசிரியர், குறியீடு மாறினாலும் இட மதிப்பு மாறுவதில்லை என்பதை வகுப்பு முழுவதற்கும் கற்பித்துவிடுகிறார். இதுவே பண்பாடுகளுக்கு இடையிலான கற்றல்.

பெற்றோர் கூட்டத்தில் வாய் திறவாத தந்தையைப் பிள்ளையின் படிப்பில் அக்கறையற்றவர் என்று பள்ளி முடிவு கட்டுவதுண்டு. ஆசிரியரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவருக்கு அந்த மௌனமே மதிப்பின் வெளிப்பாடு. மொழி தெரியாத பெற்றோருக்குப் பிள்ளையே மொழிபெயர்க்க நேர்ந்தால், தன்னைப் பற்றிய முறையீட்டைத் தானே எடுத்துச் சொல்லும் கொடுமை அந்தப் பிள்ளைக்கு நேர்கிறது. பெற்றோரின் இடமும் பள்ளியில் இறங்கிவிடுகிறது. தகுந்த மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை என்பதில் எனக்கு ஐயமில்லை. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 29ஆம் பிரிவு, பெற்றோரிடமும் தன் மொழியிடமும், வாழும் நாட்டின் விழுமியங்களிடமும், தன்னுடையதல்லாத நாகரிகங்களிடமும் குழந்தைக்கு மதிப்பு வளர்வதைக் கல்வியின் நோக்கங்களுள் ஒன்றாகவே வைக்கிறது.

இனிச் சொல்லாக்கம். 'இடைப்பண்பாடு' என்றால், இடைக்காலம் என்பதைப் போல, நடுவிலுள்ள ஒரு பண்பாடு என்று பொருள்படும். 'பண்பாட்டிடை' என்பதில் உள்ள 'இடை', நன்னூல் காட்டும் ஏழாம் வேற்றுமை உருபுகளுள் ஒன்றாகவும் கொள்ளப்பட்டு, ஒரு பண்பாட்டின்கண் என்று மயங்க இடம் தரும். பன்மை சேர்த்துப் 'பண்பாடுகளிடை' என்றால் மயக்கம் நீங்குகிறது. 'கல்வி' ஒருவர் மற்றவருக்கு அளிப்பதாகவும் அமையலாம். 'கற்றல்' என்பதோ பெற்றோர், பிள்ளை, ஆசிரியர் அனைவருக்கும் உரிய வினை. ஆகவே 'பண்பாடுகளிடைக் கற்றல்' என்பதே என் பரிந்துரை. கலைச்சொல்லாக அன்றிப் பெற்றோருக்கு எழுதும் கடிதத்தில் வருமானால், 'பண்பாடுகளுக்கு இடையிலான கற்றல்' என்று விரித்தே எழுதலாம்.

பெற்றோரைக் குறிக்கும் சொல்லிலும் கவனம் வேண்டும். 'வந்தேறி' இழிவுப்பொருள் ஏறிய சொல். பள்ளி வழக்கில் அதற்கு இடமே இல்லை. 'புலம்பெயர்ந்தோர்' என்பது இன்று விட்டு வந்த நாட்டை நோக்கிய சொல்லாக ஒலித்தாலும், வேற்று நாடுகளிலிருந்து வந்து காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து இனிது வாழ்ந்தோரைப் பட்டினப்பாலை 'புலம் பெயர் மாக்கள்' என்றே குறிக்கிறது. 'குடியேறிய பெற்றோர்' என்பது வந்து சேர்ந்த நாட்டை நோக்கியது. பள்ளியோடு அவர்களுக்குள்ள உறவைப் பேசுமிடத்தில் அதுவே பொருந்தும். அவர்கள் பிள்ளைகள் அங்கேயே பிறந்திருந்தால், பிள்ளைகளைக் 'குடியேறியவர்கள்' என்று எழுதுவது பிழை.