கவர் போட்டு மூடுன கார் எப்படிண்ணே கெட்டுப்போகும்?

போன கார்த்திகை மாசம், மழை விட்டு ரெண்டு நாள் இருக்கும், ரெக்கவரி வண்டி மேல ஏத்தி ஒரு செவப்பு ரெண்டு சீட்டர் நம்ம ஷெட்டுக்கு வந்துச்சு. துணி கூரை, 17 வருஷ வண்டி, ஓடுனது வெறும் 31,000 கிலோமீட்டர். எந்த கம்பெனின்னு கேக்காதீங்க, சொன்னா அந்த தம்பிய தெரிஞ்சவங்க கண்டுபுடிச்சிடுவாங்க. அவர் மொகத்த பாத்தா வீட்ல யாருக்கோ உடம்பு சரியில்லாத மாதிரி இருந்துச்சு. "அண்ணே, மூணு மாசமா வெளிய எடுக்கவே இல்ல, கவர் போட்டு பொத்தி பொத்தி வெச்சிருந்தேன், சாவி போட்டா ஒண்ணுமே எரியல, எப்படிண்ணே கெட்டுப்போகும்"னு கேட்டாரு. நான் பதில் சொல்லாம டிரைவர் சைடு கதவ தொறந்து மேட்ட தூக்கி காட்டுனேன். கீழ நாலு விரக்கட தண்ணி. அதுல கொசுப்புழு நெளிஞ்சுகினு இருக்கு.

கார்ப்பரேஷன்காரங்க பாத்திருந்தா மருந்து அடிச்சிட்டு போயிருப்பாங்க.

தண்டையார்பேட்டைல 14 வருஷமா ஷெட் வெச்சிருக்கேன், அதுக்கு முன்னாடி 9 வருஷம் மணலி ரோட்ல லாரி வேல. நம்ம பக்கம் இதெல்லாம் ரத்தத்துல இருக்கற விஷயம், திருவொத்தியூர்ல 1955லயே என்ஃபீல்டு, எண்ணூர்ல லேலாண்ட், கொஞ்சம் மேல போனா சோழவரம். ரெண்டாம் உலகப்போர் காலத்து ஏர்ஸ்ட்ரிப் அது, 1990ல இருங்காட்டுக்கோட்டைல டிராக் வர்றதுக்கு முன்னாடி நாடே திரும்பி பாத்த ரேஸெல்லாம் அங்கதான் நடந்துச்சு, எங்க அப்பா சைக்கிள் மிதிச்சே போயி பாத்ததா நூறு தடவ சொல்லிட்டாரு. அதனால யாராச்சும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போறேன்னு வந்தா வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா வாங்கிட்டு ஓட்டாம வெச்சிருக்கறவங்கள பாத்தா வயிறு எரியும். ஓடுற வண்டி என்கிட்ட சர்வீசுக்கு வருது, நிக்கிற வண்டி காரியத்துக்கு வருது, 23 வருஷத்துல நான் பாத்தது இதான்.

மொதல்ல அந்த தண்ணி கதைய முடிச்சிடறேன். கன்வர்ட்டிபிள்ல துணி கூரை மேல விழுற மழை சும்மா கீழ கொட்டிடாது, சீட்டுக்கு பின்னாடி ஒரு ஜலதாரை மாதிரி இருக்கும், அதுல எறங்கி ரெண்டு பக்கமும் ஒரு விரல் தடிமன் ஓட்டை வழியா பைப்புல போயி பின் சக்கரத்துகிட்ட வெளிய வரணும். நம்ம தெருவுல என்ன மரம்? வேம்பு, தூங்குமூஞ்சி. வேப்பம்பூவும் தூங்குமூஞ்சி எலையும் அந்த ஓட்டைக்குன்னே அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்கும், மேல லாரி தூசி படிஞ்சு நனைஞ்சா சிமெண்ட் பூசுன மாதிரி அடைச்சிடும். அப்புறம் தண்ணி வழி தேடி உள்ள எறங்கும். சில மாடல்ல சென்ட்ரல் லாக், வேற சாவி போட்டா ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபிலைசர் எல்லாம் கன்ட்ரோல் பண்ற பெட்டிய சீட்டுக்கு அடியில தரையோட தரையா வெச்சிருப்பாங்க, இங்க்லீஷ் படிச்ச இன்ஜினியர்தான் வெச்சது, நம்ம ஊரு ஐப்பசி மழைய அவர் பாத்ததில்ல. அந்த பெட்டி நனைஞ்சா சாவிய வண்டி அடையாளமே கண்டுக்காது. தம்பி வண்டில ஆனது அதுதான். கவர் இருந்துச்சேன்னு கேப்பீங்க, அது பிளாஸ்டிக் கவர், மேல ஒரு கிழிசல், மழை உள்ள போச்சு, ஆவி வெளிய வர வழியில்ல, மூணு மாசம் இட்லி பானைக்குள்ள வண்டி.

இந்த ஓட்டைய சுத்தம் பண்றதுக்கு கட்டுக்கம்பி விடாதீங்க, உள்ள ரப்பர் பைப்ப குத்திடும். கம்ப்ரசர் காத்தும் அடிக்காதீங்க, கீழ பைப்பு கழண்டுக்கும், அப்புறம் தண்ணி நேரா பாடிக்குள்ளயே எறங்கும், நானே ஒருதடவ அப்படி பண்ணி மாட்டிருக்கேன். காசிமேட்ல தடியான தங்கூசி, அதான் நைலான் நரம்பு, கெடைக்கும், பெரிய மீன் புடிக்கறவங்க வாங்கறது, அத ரெண்டு மீட்டர் வாங்கிக்கங்க, முனைய லைட்டர்ல காட்டி உருண்டையாக்கிட்டு மெதுவா உள்ள விட்டு விட்டு எடுங்க, மேல ஒரு சொம்பு தண்ணி ஊத்தி பின் சக்கரத்துகிட்ட வருதான்னு பாருங்க. பத்து நிமிஷ வேல. தம்பிக்கு அந்த பெட்டியும் கார்ப்பெட்டும் வயரிங்கும் சேத்து ஆன பில்ல இங்க எழுதுனா அவங்க வீட்ல சண்ட வரும்.

அடுத்து எல்லாரும் பெருமையா சொல்ற ஒரு விஷயம். "ஓட்டறதில்லண்ணே, ஆனா வாராவாரம் ஞாயித்துக்கெழம ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் வெச்சுடுவேன்." இதுக்கு ஸ்டார்ட் பண்ணாமலே இருக்கலாம், சத்தியமா. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வருது, இன்ஜின் சூடா இருந்தா அது சைலன்சர் வழியா போயிடும், அஞ்சு நிமிஷத்துல ஆயிலும் சூடாகாது சைலன்சரும் சூடாகாது, அந்த ஈரம் அங்கயே தங்கி ஆயில்ல கலக்கும், சைலன்சர உள்ளருந்தே தின்னும். ஆயில் மூடிய கழட்டி பாருங்க, உள்பக்கம் வெண்ணெ மாதிரி வெள்ளையா ஒட்டிருந்தா பாதி நேரம் கத இதான். ஆனா இன்ஜின் ஹெட்டுக்கு அடியில இருக்கற சீல், ஹெட் கேஸ்கெட், போனாலும் அப்படி வரும், கூலண்ட் அளவும் கொறைஞ்சிருந்தா உடனே வண்டிய காட்டுங்க. பேட்டரி கதையும் அப்படித்தான், ஸ்டார்ட் பண்ண இழுத்த கரண்ட்டு அஞ்சு நிமிஷ ஐடில்ல திரும்பி ஏறாது. எடுத்தா ஒரு அரமணி நேரமாச்சும் ஓட்டுங்க, இல்லன்னா தொடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தற டிரிக்கிள் சார்ஜர் நல்லதா ஒண்ணு மாட்டி விட்டுடுங்க.

இப்ப பிரேக். இத கொஞ்சம் நிதானமா படிங்க, ஏன்னா மத்ததெல்லாம் காசு போற கேசு, இது உசுரு. பிரேக் ஆயில்னு நாம சொல்றது ஆயிலே இல்ல, காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சிக்கற ஒரு சமாச்சாரம், கடலோரமா இருக்கற நம்ம ஊருல ஈரத்துக்கு பஞ்சமா. டாட் 4ன்னு தரம் போட்ட புது பிரேக் ஃப்ளூயிடு 230 டிகிரிக்கு கீழ கொதிக்கக்கூடாதுன்னு கணக்கு. அதுல 3.7 சதவீதம் தண்ணி ஏறிடுச்சுன்னா அந்த கணக்கு 155க்கு எறங்கிடுது. மார்க்கெட்டுக்கு போய்ட்டு வர்ற காருக்கு இது தெரியவே தெரியாது, டிஸ்க் அவ்ளோ சூடாகாது. ஆனா ஸ்போர்ட்ஸ் கார நீங்க எதுக்கு வாங்குனீங்க? விடிகாலைல செங்குன்றம் தாண்டி தடா வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டலாம்னுதானே. அங்க ஒரு பெரியவர், ரிட்டயர்டு ஆனவர், நல்லா ஓட்டுவாரு, டோல்கேட்டுக்கு முன்னாடி நாலஞ்சு தடவ நல்லா அழுத்தி பிரேக் புடிச்சிருக்காரு, அடுத்த தடவ மிதிச்சா பெடல் பஞ்சு மாதிரி தரைக்கு போயிடுச்சு. ஃப்ளூயிடு கொதிச்சு ஆவியாச்சுன்னா அவ்ளோதான், ஆவிய அமுக்க முடியும், மிதிக்கற மிதியெல்லாம் அத அமுக்கறதுலயே போயிடும். ஹேண்ட் பிரேக்கும் கியரும் வெச்சு எப்படியோ ஓரங்கட்டிட்டாரு. நான் மூடிய தொறந்து பாத்தா உள்ள டீ டிகாஷன். கடைசியா எப்ப சார் மாத்துனீங்கன்னா, "அதெல்லாம் மாத்தணுமாப்பா? அளவு கொறையவே இல்லியே"ங்கறாரு. ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ மாத்தணும் சார், வண்டி ஓடுச்சா ஓடலியான்னு அந்த ஃப்ளூயிடுக்கு தெரியாது.

பிரேக் பேச்சோட இன்னொண்ணு, மாசக்கணக்குல நிறுத்தறதா இருந்தா ஹேண்ட் பிரேக் இழுக்காதீங்க, துருப்புடிச்சு ஷூவோ பேடோ அப்படியே கவ்விக்கும். கியர்ல விட்டு சக்கரத்துக்கு முன்ன பின்ன செங்கல் வைங்க.

டயர்ல எல்லாரும் பட்டன, அதான் ரோட்ட தொடற அந்த கட்டைய, மட்டும் பாக்கறாங்க. "பட்டன் புதுசா இருக்குண்ணே"ம்பாங்க. இருக்கும், ஓட்டுனாத்தானே தேயும். சைடுல இங்க்லீஷ்ல DOTனு போட்டு கடைசில நாலு நம்பர் இருக்கும், 2314ன்னு இருந்தா 2014ல 23வது வாரம் செஞ்ச டயர். ரப்பர் வெயில்லயும் காத்துலயும் எறுகி கல்லாயிடும், மழைல அது ரோட்ட புடிக்காது. ஆறு வருஷம் ஆச்சுன்னா வருஷா வருஷம் காட்டுங்க, பத்து வருஷம்னா பேச்சே இல்ல, கழட்டுங்க.

பெட்ரோல் பத்தி தெனம் ஒருத்தராச்சும் கேக்கறாங்க. இப்ப பங்க்ல வர்றதுல 20 சதவீதம் எத்தனால். பழைய வண்டியோட ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் இதுக்குன்னு செஞ்சதில்ல, உப்பும், எறுகும், வெடிக்கும். எத்தனாலும் ஈரத்த இழுக்கறதுதான், டேங்குல மாசக்கணக்குல நின்னா ஒரு அளவுக்கு மேல தண்ணி சேந்து எத்தனாலயும் கூட்டிக்கினு அடிக்கு எறங்கிடும், நீங்க ஸ்டார்ட் பண்றப்ப பம்ப்பு மொதல்ல குடிக்கறது அத. அப்ப அரை டேங்குல நிறுத்தாதீங்க, ஃபுல்லா போட்டு நிறுத்துனா உள்ள காத்துக்கு எடமில்ல. ஃப்யூல் ஹோஸ எத்தனால் தாங்கறதா பாத்து மாத்திடுங்க, பெரிய செலவில்ல, இன்ஜின் ரூம்ல பெட்ரோல் வாசன வந்தா மட்டும் அன்னிக்கே வாங்க, நாளைக்குன்னு சொல்லாதீங்க.

எலி. குடோன் ஏரியால இருக்கோம், எலிக்கு நான் என்ன சொல்ல. நிக்கிற வண்டிதான் அதுக்கு வீடு. பானெட்ட வாரம் ஒருதடவ தொறந்து வெளிச்சம் காட்டுங்க, அவ்ளோதான் எனக்கு தெரிஞ்ச வைத்தியம்.

வாங்கப்போறவங்களுக்கு பேப்பர் விஷயம். 15 வருஷம் முடிஞ்சா ஆர்சி புதுப்பிக்கணும், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருதடவ, வண்டிய ஆர்டிஓவுல காட்டணும். 2022 ஏப்ரல்லருந்து நம்ம ஊரு காருக்கு ஃபீஸ் 5,000, இம்போர்ட் ஆன காருக்கு 40,000. 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டுன வண்டிக்கு இத 10,000, 80,000னு ஏத்திட்டாங்க. 19 வருஷ வண்டி சல்லிசா வருதுன்னா ஏன் சல்லிசா வருதுன்னு இப்ப புரியுதா? "விண்டேஜ்னு ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்ணே"ன்னு புரோக்கர் சொல்லுவான், அது 50 வருஷம் ஆன வண்டிக்கு, அதுக்கும் ஷோ, ராலின்னுதான் எடுக்கலாம், தெனம் ஓட்ட முடியாது. இம்போர்ட்னா கஸ்டம்ஸ் பேப்பர் ஒரிஜினல் இல்லாம அட்வான்ஸ் குடுக்காதீங்க. அப்புறம் வண்டி வெல எறங்குமே தவிர பார்ட்ஸ் வெல எறங்காது, கோடி ரூபா வண்டி பத்து லட்சத்துக்கு வந்தாலும் அதோட வாட்டர் பம்ப்பு கோடி ரூபா வண்டி வாட்டர் பம்ப்புதான். எனக்கு கேட்டா மொத தடவ வாங்கறவங்க சான் ஸ்டார்ம் மாதிரி ஒண்ணு தேடுங்க, கோவாவுல செஞ்சது, ஃபைபர் பாடி, துரு புடிக்காது, சின்ன ரெனோ இன்ஜின், 1149 சிசி. வேகம் பெருசா இல்ல. சிரிப்பீங்க, பரவால்ல.

வெள்ளத்த பத்தி ஒரே ஒரு விஷயம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ எர்ணாவூர் பக்கம் தண்ணியோட எண்ணெயும் சேந்து வந்துச்சு, மறந்திருக்க மாட்டீங்க. தாழ்வான வண்டிக்கு முட்டி அளவு தண்ணியே கழுத்தளவு. தண்ணி வடிஞ்சதும் "சும்மா ஒருதடவ பாப்போம்"னு ஸ்டார்ட் பட்டன அமுக்குறீங்க பாருங்க, அங்கதான் இன்ஜின் சாகுது, சிலிண்டருக்குள்ள போன தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். அப்படி நீங்களே ஸ்டார்ட் பண்ணி கெடுத்தத சாதா இன்சூரன்ஸ் குடுக்க மாட்டாங்க, அதுக்கு தனி இன்ஜின் ஆட்-ஆன் வேணும், பழைய வண்டிக்கு அது கெடைக்கறதே கஷ்டம். பேட்டரி வயர கழட்டுங்க, போன் பண்ணுங்க, தள்ளிகினு வாங்க. மழை நாள்ல கணேசபுரம் சப்வே பக்கமே போகாதீங்க, அத நான் சொல்லித்தான் தெரியணுமா.

அந்த செவப்பு வண்டி தம்பி இப்ப ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ விடிகாலை அஞ்சரைக்கு எடுக்கறாரு, எக்ஸ்பிரஸ்வேல கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவுல அந்த வண்டி தெரியவே தெரியாது, சத்தம் மட்டும் கேக்கும். எண்ணூர் வரைக்கும் போய் டீ குடிச்சிட்டு திரும்புவாரு. பிளாஸ்டிக் கவர தூக்கிப்போட்டு துணி கவர் வாங்கிட்டாரு. போன வாரம் வந்தப்ப டேஷ்போர்டு மேல ஒரு சுருள் கெடந்துச்சு, என்ன தம்பி மீன் புடிக்க போறீங்களான்னேன், "இல்லண்ணே, காசிமேட்ல வாங்குனேன், ஆனா முனைய உருட்டறப்ப விரல சுட்டுக்கிட்டேன்"னு கட்டு போட்ட கட்டவிரல காட்டுறாரு.