கிணறுகளை எண்ணும் சட்டம்

மேலூர்ப் பக்கம் போர் (ஆழ்துளைக் கிணறு) போடும்போது முதலில் மண் வரும், அப்புறம் உதிரும் பாறை, அதற்குக் கீழே கெட்டிப் பாறை. மதுரை மாவட்டத்தின் பெரும்பகுதி இப்படித்தான். தண்ணீர் இருப்பது சிதைந்த மேல்பாறையிலும் அடியில் ஓடும் விரிசல்களிலும்தான்.

கொஞ்சம் கணக்குப் போடலாம். மதுரையின் ஆண்டு மழை ஏறக்குறைய 850 மி.மீ. இந்த மாதிரிப் பாறை நிலத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு கீழே இறங்கினாலே பெரிது. அப்படியே இறங்கினாலும் ஒரு ஏக்கருக்கு அடியில் வருடத்துக்குச் சேர்வது சுமார் மூன்றரை லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரிக்கு முப்பது லோடுகூட தேறாது. அதே ஏக்கரில் நெல் நட்டால் ஒரு போகத்துக்கு 40 லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். மழையும் கால்வாயும் கண்மாயும் கொடுத்தது போக மிச்சத்தைப் போர்தான் இழுக்க வேண்டும்.

எங்கிருந்து இழுக்கும்? மோட்டார் ஓட ஓட, போரைச் சுற்றி நீர்மட்டம் புனல் வடிவில் குழிகிறது. வேலி, வரப்பு எதுவும் அந்தக் குழிவை நிறுத்தாது. பக்கத்துத் தோட்டத்துப் போரின் குழிவும் வந்து சேர்ந்தால் இரண்டிலும் மட்டம் இன்னும் இறங்கும்.

சட்டமோ வேலியோடு நின்றுவிடுகிறது. தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எடுத்துக்கொள்ள உரிமையாளருக்கு உரிமை உண்டு என்கிறது 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம். 1974இல் வந்த நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் பெரும்பாலும் ஆலை ஆலையாகத்தான் பார்க்கிறது. எல்லா ஆலையும் விதியை மீறாமல் கழிவு விட்டாலும் ஆறு கெட முடியும், ஏனென்றால் ஆற்றுக்குத் தெரிவது கூட்டுத்தொகை மட்டுமே.

சுவீடன் விஞ்ஞானி யோஹான் ராக்ஸ்ட்ராம் தலைமையிலான குழு, தாண்டினால் ஆபத்து என்று 2009இல் பூமிக்கு ஒன்பது எல்லைகளை வரைந்தபோது இந்தக் கூட்டுத்தொகையைத்தான் முன்னால் வைத்தது. நன்னீரும் அதில் ஒன்று. 2023 மதிப்பீட்டில் மீறப்பட்டதாகச் சொன்ன ஆறு எல்லைகளில் அதுவும் இருக்கிறது.

சட்டத்தை இந்த வழிக்குத் திருப்ப முடியுமா? எண் ஏற்கெனவே கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு பிர்காவுக்கும் (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) நீர் எவ்வளவு ஊறுகிறது, எவ்வளவு எடுக்கப்படுகிறது என்று கணக்கிடுகிறார்கள். ஊறுவதில் ஒரு பகுதியை இயற்கைக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் நூறு சதவீதத்துக்கு மேல் எடுத்தால் அது ‘அதிநுகர்வு’ப் பகுதி. ஆனால் அந்த நூறை யார் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க வழியில்லை. 2003இல் நிறைவேற்றிய மாநில நிலத்தடி நீர்ச் சட்டமும் 2013இல் ரத்தாகிவிட்டது.

அணைத் தண்ணீரில் இந்தக் குழப்பம் குறைவு. வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. மட்டம் இறங்கினால் முறை வைத்துத் திறப்பார்கள். சண்டை வரும்தான், ஆனாலும் இருப்பது எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும்.

போர்களுக்கும் முறை வைப்பது லேசான காரியமல்ல. இலவச மின்சாரத்தில் ஓடும் மோட்டார் எவ்வளவு இறைத்தது என்று யார் அளப்பது? என்னைக் கேட்டால் தோட்டத்தில் கை வைப்பதற்கு முன் தண்ணீர் விற்கும் லாரிகளில் தொடங்கலாம். அங்கே லோடு கணக்கு ஏற்கெனவே நோட்டில் இருக்கிறது.