வீட்டு லேத்துக்கு எந்த டிஆர்ஓ?

உலோகம் கடையும் பழைய லேத் ஒன்றில், வெட்டும் டூலை ஜாப்பை (கடையப்படும் உலோகத்தை) நோக்கி உள்ளே வெளியே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கைப்பிடியில் அளவுக்கோடு போட்ட டயல் நகரும், ஸ்லைடு நகராது. சில கோடுகள் தாண்டிய பிறகுதான் ஸ்லைடு அசையத் தொடங்கும். திருகுக்கும் அதன் நட்டுக்கும் நடுவே தேய்ந்து உண்டான இடைவெளி அது. பட்டறையில் பேக்லாஷ் என்பார்கள். சிலர் 'பிளே' என்பதோடு முடித்துக்கொள்வார்கள். அம்பத்தூரிலோ கிண்டியிலோ பல வருடம் உழைத்துவிட்டு ஏதோ ஒரு வீட்டின் கார் ஷெட்டுக்கு வந்து சேரும் லேத்தில் இது கால் மில்லிமீட்டர்கூட இருக்கலாம். புதிதாக வாங்கும் சின்ன சீன லேத்திலும் இல்லாமல் போகாது.

டயல் சொல்வது திருகு எவ்வளவு சுற்றியது என்பதை மட்டும்தான். டூல் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. டிஆர்ஓ எனப்படும் டிஜிட்டல் ரீட்அவுட், திருகை நம்பாமல் ஸ்லைடையே நேராக அளக்கிறது. அசையாத பாகத்தில் ஒரு ஸ்கேல், அசையும் பாகத்தில் அதைப் படிக்கும் ரீடர், படித்ததை எண்ணாகக் காட்டும் ஒரு திரை, அவ்வளவுதான். பேக்லாஷ் இருந்தாலும் அளவில் நுழையாது. ஆனால் இயந்திரத்தைவிட்டு அது போய்விடுவதும் இல்லை. ஸ்லைடின் ஆட்டத்தை இறுக்கும் பட்டையான ஜிப் தளர்ந்திருந்தால் வெட்டும்போது ஸ்லைடு இழுபடும்; திரை அதைக் காட்டுமே தவிர தடுக்காது. டிஆர்ஓவுக்குப் பணம் எடுத்துவைக்கும் முன்பு ஜிப்பை இறுக்கிவிடுங்கள், அதற்குச் செலவே இல்லை.

வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, திரையில் எத்தனை இலக்கம் வரும் என்பது. என்னைக் கேட்டால் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. ஸ்கேல் எந்த வகை, அதை லேத்தில் எங்கே மாட்டப் போகிறோம் என்ற இரண்டும்தான் பின்னால் நாம் சந்தோஷமாக இருப்போமா, புலம்புவோமா என்பதைத் தீர்மானிக்கும்.

கண்ணாடி ஸ்கேலில் இருந்து தொடங்கலாம். அலுமினியக் கூட்டுக்குள் ஒரு கண்ணாடிப் பட்டை. அதன்மேல் கறுப்புக் கோடுகள். பரவலாகக் கிடைக்கும் வகையில் ஒரு கோடும் ஓர் இடைவெளியும் சேர்ந்து 20 மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதால், ஒரு முடியின் அகலத்தில் மூன்று கோடு அடங்கிவிடும். இவ்வளவு நெருக்கமான கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணுவது நடக்கிற காரியமில்லை. அதனால் ரீடருக்குள் அதே அளவுக் கோடுகள் கொண்ட இன்னொரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. ஒரு பக்கம் எல்இடி, மறுபக்கம் ஒளி உணரிகள். கோட்டின்மேல் கோடு நின்றால் இடைவெளி வழியே வெளிச்சம் வரும். பத்து மைக்ரான் நகர்ந்தால் கோடு இடைவெளியை மறைத்துக்கொள்ளும், இருட்டு. நகர நகர வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வருவதை எண்ணினால் தூரம் கிடைத்துவிடும்.

ஜன்னலில் கொசுவலை இரண்டு அடுக்காக இருந்தால், தலையை லேசாக அசைக்கும்போது அதன்மேல் அகலமான நிழல் பட்டைகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கோட்டு வரிசைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சற்றே சாய்த்து வைத்தாலும் அதேதான் நடக்கும். மொய்ரே என்று பெயர். கோடு 20 மைக்ரான் நகரும்போது நிழல் பட்டையோ மில்லிமீட்டர் கணக்கில் நகரும். கண்ணுக்கே தெரியாத அசைவைப் பெரிதாக்கிக் காட்டும் இந்தக் குணத்தை, கோடுகள் ஒழுங்காக வரையப்பட்டிருக்கின்றனவா என்று சோதிக்கப் பயன்படுத்தலாம் என 1874-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே சொன்னார். அதை இயந்திரங்களில் நீளம் அளக்கும் முறையாக 1950-களில் வளர்த்தெடுத்தவர்களில் எடின்பரோவில் இருந்த ஃபெராண்டி நிறுவனம் முக்கியமானது.

சரி, ஸ்லைடு முன்னே போகிறதா பின்னே போகிறதா என்று ரீடருக்கு எப்படித் தெரியும்? ஓர் உணரி மட்டும் இருந்தால் தெரியாது. இரண்டு திசையிலும் வெளிச்சம் ஒரேமாதிரிதான் மினுங்கும். அதனால் இரண்டு உணரிகளைக் கால் கோடு தள்ளி வைக்கிறார்கள். முதலாவது முந்திக்கொண்டு வெளிச்சம் பார்த்தால் ஒரு திசை, இரண்டாவது முந்தினால் எதிர்த்திசை. இந்த ஏற்பாட்டில் இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு உணரிகளும் சேர்ந்து ஒரு கோட்டுக்கு நான்கு மாற்றங்களைத் தருகின்றன. 20-ஐ நான்கால் வகுத்தால் 5. கடையில் '5 மைக்ரான் ஸ்கேல்' என்று விற்பது இதைத்தான்.

காந்த ஸ்கேலில் கண்ணாடிக்குப் பதில் ஒரு மெல்லிய காந்தப் பட்டை. வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று துருவங்கள் மாறி மாறிப் பதிந்திருக்கும். ஒரு துருவத்தின் அகலம் 2 அல்லது 5 மி.மீ. அவ்வளவு அகலமான துருவத்தில் இருந்து மைக்ரான் கணக்கு எப்படி வருகிறது? காந்தப்புலம் ஒரு துருவத்தில் இருந்து அடுத்ததற்குச் சட்டென்று மாறாமல் அலைபோல ஏறி இறங்குகிறது. இங்கேயும் இரண்டு உணரிகள், ஒன்று சைன் அலையைத் தரும், மற்றொன்று கொசைன். இரண்டின் விகிதத்தை வைத்து அலையின் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று மின்சுற்று கணக்குப் போடுகிறது. எண்ணுவதைவிடக் கணக்குப் போடும் வேலை இதில் அதிகம். எனவே ஒவ்வொரு துருவத்துக்குள்ளும் சிறு பிழை திரும்பத் திரும்ப வரும். தரம் கண்ணாடியைவிட ஒரு படி குறைவு என்று சொல்வது அதனால்தான். வீட்டு வேலைக்கு அது உறைக்காது.

மூன்றாவது வகை, டிஜிட்டல் வெர்னியரில் இருக்கும் அதே கெப்பாசிட்டிவ் ஸ்கேல். விலை குறைவு. எதிரெதிரே இருக்கும் செம்புத் தகடுகளுக்கு இடையிலான மின்தேக்கத்தை அது அளக்கிறது. காற்றோடு ஒப்பிட்டால் தண்ணீர் அந்தத் தேக்கத்தைச் சுமார் 80 மடங்கு மாற்றக்கூடியது. வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலண்ட் ஒரு சொட்டு உள்ளே போனால் எண்கள் தாறுமாறாக ஓடும். சென்னையின் புழுக்கத்தையும் மழைக்காலத்தையும் நினைத்தால் ஜாப்பின் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கைத் தவிர வேறெங்கும் இதை மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊர்க் காற்று கண்ணாடி ஸ்கேலையும் முழுதாக விட்டுவைப்பதில்லை. ரீடர் ஓடும் பிளவை இரண்டு ரப்பர் உதடுகள் மூடியிருக்கும். ஈரமும் எண்ணெய்ப் புகையும் அதன் வழியே உள்ளே போய்க் கண்ணாடியில் படலமாகப் படிந்தால் உணரிக்கு வெளிச்சம் குறையும், எண்ணிக்கை தவறும். உதடுகள் கீழ்நோக்கியோ ஜாப்பைப் பிடித்துச் சுழலும் சக்குக்கு மறுபக்கமாகவோ இருக்கும்படி மாட்டி, மேலே ஒரு தகட்டுக் கவசமும் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. காந்தப் பட்டைக்கு ஈரம், எண்ணெய் ஒன்றும் செய்யாது. அதன் எதிரி வேறு. நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் இண்டிகேட்டரின் மேக்னெட் ஸ்டாண்டை மறதியாக அதன்மேல் வைத்துவிட்டால் அந்த இடத்தின் பதிவு கெட்டுப்போகும்.

இனி எங்கே மாட்டுவது. ஒரே ஒரு அச்சுக்குத்தான் இப்போது பணம் இருக்கிறது என்றால் பலர் கிராஸ் ஸ்லைடுக்கு ஓடுவார்கள். நான் சேடிலுக்கு, அதாவது கிராஸ் ஸ்லைடைச் சுமந்துகொண்டு லேத்தின் நீளவாக்கில் (இசட் அச்சில்) ஓடும் பாகத்துக்கு மாட்டச் சொல்வேன். கிராஸ் ஸ்லைடில் எப்போதும் ஒரே திசையில் இருந்து அளவுக்கு வந்தால் பேக்லாஷைச் சமாளிக்கலாம். டயலும் ஓரளவு நன்றாகவே இருக்கும். சேடில் கைச்சக்கரமோ பல்சட்டத்தில் உருள்வது. சின்ன லேத்துகளில் அதன் அளவுக்கோடுகள் பெயருக்குத்தான் இருக்கும், சிலவற்றில் அதுவும் கிடையாது. ஜாப்பில் விட்டம் மாறும் படியின் (தோள்பட்டையின்) நீளம் சரியாக 32.50 மி.மீ வர வேண்டும் என்றால் வெட்டு, நிறுத்து, வெர்னியர் வை, மறுபடி வெட்டு என்றுதான் ஓட்ட வேண்டும். இசட் டிஆர்ஓ இதை ஒரே ஓட்டத்தில் முடித்துவிடும். இங்கே 5 மைக்ரான் தாராளம். சேடில் ஓடும் அடிச்சட்டமான பெட்டின் பின்புறம் இடமும் இருக்கும், கண்ணாடியே போதும்.

கிராஸ் ஸ்லைடில் கதை வேறு. ஸ்லைடு 1 மி.மீ உள்ளே போனால் விட்டத்தில் 2 மி.மீ குறையும். 5 மைக்ரான் ஸ்கேலை மாட்டினால் விட்டம் பத்துப் பத்து மைக்ரானாகத்தான் திரையில் தாவும். பேரிங் உட்காரும் இடத்தைக் கடையும்போது அது கரடுமுரடு. ஆகவே கிராஸ் ஸ்லைடு ஓடும் எக்ஸ் அச்சுக்கு 1 மைக்ரான் வாங்குங்கள். அதோடு சின்ன லேத்தில் ஸ்லைடின் பக்கவாட்டில் தடித்த கண்ணாடிக் கூட்டை மாட்டினால் டெயில் ஸ்டாக் கிட்டே வர முடியாது, சேடில் பூட்டும் போல்ட்டும் மறைந்துவிடும். மெல்லிய காந்தப் பட்டைதான் அந்த இடத்துக்கு ஏற்றது.

கிராஸ் ஸ்லைடின் மேல் உட்கார்ந்து டூலைச் சாய்கோணத்திலும் நகர்த்தும் காம்பவுண்ட் ஸ்லைடுக்கு மூன்றாவது ஸ்கேல் வேண்டுமா? தேவையில்லை என்பேன். பூட்டி வையுங்கள். அதை நகர்த்தினால் மற்ற இரண்டு ஸ்கேலுக்கும் தெரியாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மாட்டும்போது ஸ்கேல் இம்மி பிசகாமல் இணையாக இருக்க வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 300 மி.மீ நீளத்தில் 1 மி.மீ சாய்ந்திருந்தால் வரும் அளவுப் பிழை 2 மைக்ரானுக்கும் குறைவு. ஆபத்து அளவில் இல்லை, கண்ணாடிக்குத்தான். சாய்வில் ஓடும் ரீடர் கூட்டுக்குள் உரசித் தேயும். எனவே இண்டிகேட்டரை ஓட்டிப் பார்த்து, முழு நீளத்துக்கும் 0.1 மி.மீக்குள் கொண்டுவந்துவிடுவது நல்லது.

பெரிய பிழை வேறொரு வழியில் வரும். அளக்கும் கோடும் அளவுகோலும் ஒரே நேரில் இருக்க வேண்டும் என்று 1890-இல் ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபே சொன்னார். லேத்தில் அது நடப்பதில்லை. இசட் ஸ்கேல் பெட்டுக்குப் பின்னால், டூல் முன்னால். இடையே 150 மி.மீ என்று வைத்துக்கொள்வோம். தேய்ந்த பெட்டில் சேடில் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு திரும்பினாலே டூல் முனையில் 0.04 மி.மீ வித்தியாசம் வந்துவிடும், திரையிலோ ஒன்றும் தெரியாது.

வெப்பத்தையும் திரை அறியாது. 50 மி.மீ அலுமினிய ஜாப், கடைந்த சூட்டில் 30 டிகிரி ஏறியிருந்தால் விட்டம் சுமார் 35 மைக்ரான் பெரிதாக இருக்கும். அந்த நிலையில் அளவைக் கட்டிவிட்டு ஆறவிட்டால் ஜாப் சிறுத்துவிடும். முழுவதும் ஆறினாலும் மே மாதத்து 35 டிகிரி பட்டறையில் எஃகு மைக்ரோமீட்டருக்கும் அலுமினியத்துக்கும் இடையே சுமார் 9 மைக்ரான் பேதம் நிற்கும். அளவுகளெல்லாம் 20 டிகிரிக்கு எழுதப்பட்டவை. டூல் தேய்வதும், மெல்லிய ஜாப் வளைந்து கொடுப்பதும்கூட ஸ்கேலுக்குத் தெரியாத சங்கதிகள். கடைசி வெட்டுக்கு முன்பு மைக்ரோமீட்டரால் அளந்து, அந்த எண்ணையே திரையில் பதித்துவிட்டு மேலே போவதுதான் பழக்கமான டர்னர் செய்வது.

திரைப் பெட்டியில் விட்டம்–ஆரம் மாற்றும் பொத்தானும், ஒவ்வொரு டூலின் அளவு வித்தியாசத்தையும் வைத்திருக்கும் டூல் ஆஃப்செட் நினைவும் அவசியம். விரைவாக மாற்றும் டூல் போஸ்ட் இருந்தால் ஒவ்வொரு டூலுக்கும் ஒருமுறை அளவு பதிந்தால் போதும். கரண்ட் போனாலும் எண்ணை மறக்காத பெட்டியா என்று கேளுங்கள். ஆனால் கரண்ட் இல்லாதபோது கைப்பிடியைச் சுற்றிவிட்டால் அந்த நினைவால் பயனில்லை. அப்போது ஸ்கேலில் உள்ள ரெஃபரன்ஸ் குறிதான் கைகொடுக்கும். ரீடர் அதைக் கடந்ததும் பழைய பூஜ்யம் திரும்பிவிடும். வட்டத்தில் துளை போடும் கணக்கு போன்ற மில்லிங் வசதிகளுக்கு லேத்தில் வேலையில்லை, அவற்றுக்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

பாரிமுனைப் பக்கக் கடையில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், மாட்டி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்லைடைப் பூட்டி, திரையைப் பூஜ்யமாக்கி, மோட்டாரை ஓடவிட்டு வேகத்தை ஏற்றி இறக்குங்கள். மோட்டார் வேகத்தை மாற்றும் மின்கருவியான விஎஃப்டி வைத்த லேத்தாக இருந்தால் இது கட்டாயம். நிற்கும் ஸ்லைடுக்கு எண் ஓடினால் ஸ்கேலைக் குறை சொல்லி உடனே திருப்பி அனுப்ப வேண்டாம். திரைப் பெட்டிக்கும் லேத்தின் உடலுக்கும் நல்ல எர்த் கொடுத்து, ஸ்கேல் கேபிளை மோட்டார் ஒயரில் இருந்து விலக்கிக் கட்டி, மறுபடி ஓட்டிப் பாருங்கள்.