சர்வர் அறை காலியான பிறகு ஐ.டி. மேனேஜருக்கு என்ன வேலை?

சித்தூர், பலமநேர், குடியாத்தம், கிருஷ்ணகிரி என்று ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் இருக்கும் தொழிற்சாலைகளுக்குக் கணினி ஆலோசனை சொல்வது என் தொழில். மாங்கூழ் ஆலைகள்தான் அதில் அதிகம். பால் நிறுவனங்களும் கிரானைட் கம்பெனிகளும் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு இவற்றில் பல, சொந்த சர்வரைக் கைவிட்டு, வேறொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களை இணையம் வழியாக வாடகைக்குப் பயன்படுத்தும் கிளவுடுக்கு மாறிவிட்டன. மாறிய கையோடு முதலாளிகள் கேட்பது ஒரே கேள்வி: "சர்வரையே எடுத்தாச்சே தம்பி, இனி ஐ.டி. மேனேஜர் எதுக்கு?"

அவர்கள் கேட்பதில் தப்பில்லை. இத்தனை காலம் அவர்கள் கண்ணில் பட்ட ஐ.டி. வேலை என்பது ஏ.சி. ஓடுகிறதா, யு.பி.எஸ். பேட்டரி தாங்குமா, இடி இடித்தால் எந்த வயரைக் கழற்ற வேண்டும் என்பதுதான். அந்த வேலை போய்விட்டது. இப்போது வந்திருப்பது பணம், ஒப்பந்தம், சட்டம் சம்பந்தப்பட்ட வேலை. பல கம்பெனிகளில் அது வந்ததே யாருக்கும் தெரியவில்லை. யார் பொறுப்பிலும் இல்லாமல் கிடக்கிறது. எனக்குக் கவலை தருவது இதுதான்.

முதலில் பணம். சொந்த சர்வர் வாங்கிய காலத்தில் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறைதான் பெரிய செலவு. மூன்று கொட்டேஷன் வாங்குவோம், முதலாளி பேரம் பேசுவார், கையெழுத்துப் போடுவார், ஆடிட்டர் 40 சதவீதத் தேய்மானம் எழுதுவார். இப்போது லாகின் வைத்திருக்கும் எவரும் ஒரு பட்டனை அழுத்தினால் கம்பெனிப் பணம் செலவாகத் தொடங்கிவிடும். கொட்டேஷனும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

மாங்கூழ் ஆலைக்கு கிளவுட் போலப் பொருந்துகிற ஏற்பாடு வேறில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஜூனிலும் ஜூலையிலும் ஆலை இரவு பகலாக ஓடும். மீதி மாதங்களில் கணக்கு, ஏற்றுமதி, சரக்கு இருப்பு அவ்வளவுதான். இரண்டு மாதச் சுமைக்காக வாங்கிய சர்வர் பத்து மாதம் சும்மா கிடக்கும். கிளவுடில் சீசனுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம், முடிந்ததும் சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் சுருக்க ஒரு ஆள் வேண்டும். ஓர் ஆலையில் அக்டோபர் மாத பில்லை அக்கவுண்டன்டோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். டேட்டாபேஸ் இன்னும் ஜூன் மாத அளவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. மென்பொருள் போட்டுத் தந்தவர்கள் சோதனைக்காக கிளவுடில் எழுப்பிய மெஷின் ஒன்று யாரும் தொடாமல் ஓடியது. எந்த மெஷினோடும் சேராத டிஸ்குகள் சில. யாரும் பயன்படுத்தாத பொது ஐ.பி. முகவரிகள் (இணையத்தில் ஒரு மெஷினை அடையாளம் காட்டும் எண்கள்) சில; 2024 பிப்ரவரி முதல் அமேசான் கிளவுட், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் இப்படிப்பட்ட முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கில் பணம் பிடிக்கிறது. அக்கவுண்ட்ஸ் பகுதியோ இதைக் கரண்ட் பில் மாதிரி நினைத்து, வந்த தொகையை அப்படியே கட்டிவந்தது.

இந்த பில்லைப் படிக்கத் தெரிந்தவர்தான் இன்றைய ஐ.டி. மேனேஜர். ஒவ்வொரு மெஷினுக்கும் அது எந்தத் துறையுடையது, யார் கேட்டு எழுப்பியது என்று டேக் (பெயர்ச் சீட்டு) போட்டிருக்க வேண்டும். செலவு வரம்பைத் தாண்டினால் அவருக்கும் முதலாளிக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை போக வேண்டும். ஒரு வருடம், மூன்று வருடம் என்று உறுதி கொடுத்தால் தள்ளுபடி கிடைக்கும் திட்டங்கள் உண்டு. அதில் சீசன் அளவுக்கு உறுதி கொடுத்துவிடாதீர்கள். ஜனவரியில் எவ்வளவு ஓடுகிறதோ அந்த அளவுக்குக் கொடுத்தால் போதும். சீசனில் கூடுதலாக ஓடுவதற்கு அந்த மாத விலையைக் கட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது. நான் அடிக்கடி பார்க்கிற, பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிற விஷயம் இது. கிளவுட் கணக்கைத் திறந்தவர் மென்பொருள் கம்பெனிப் பையன், பதிவானது அவர் சொந்த ஜிமெயில், ஓ.டி.பி. வருவது அவர் போனுக்கு. அவர் வேலையை விட்டுப் போய் வெகு நாளாயிற்று. கம்பெனியின் மொத்த வியாபாரமும் யாரோ ஒருவர் கைபேசியில் இருக்கிறது என்று அர்த்தம். தலைமைக் கணக்கு கம்பெனி டொமைனில் உள்ள பொது மின்னஞ்சலில் இருக்க வேண்டும். அதன் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புச் சாவி முதலாளியின் லாக்கரில் இருக்க வேண்டும். அன்றாட வேலைக்கு அந்தக் கணக்கைத் தொடவே கூடாது. பில்லில் கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் 18 சதவீத வரிக்கு உள்ளீட்டு வரவு எடுக்க முடியாமல் போகும்.

பழ வண்டிகளை எடைபோட்டுச் சீட்டு கொடுக்கும் எடைமேடைக்கு வருகிறேன். 2025 சீசனில் கூழுக்குப் போகும் தோத்தாபுரி மாம்பழத்தின் விலை படுத்துவிட்டது. ஆந்திர அரசு கிலோ 12 ரூபாய் என்று நிர்ணயித்து, 8 ரூபாய் ஆலை தர வேண்டும், 4 ரூபாயை அரசு விவசாயிக்குத் தரும் என்று அறிவித்தது. எந்த விவசாயி எத்தனை டன் கொண்டுவந்தார் என்ற கணக்குக்கு அதுவரை இல்லாத கனம் வந்துவிட்டது. எடைச் சீட்டில் ஒரு பெயர் மாறினால், ஓர் இலக்கம் தவறினால் ஒரு குடும்பத்துக்குச் சேர வேண்டிய பணம் நிற்கும். சீட்டின் வடிவத்தை மாற்றவும் புதிய விவரங்களைச் சேர்க்கவும் கிளவுடில் உள்ள மென்பொருளில் அதிக நேரம் ஆகாது. அது பெரிய சௌகரியம்தான்.

ஆனால் அதே ஜூனில்தான் காற்றும் மழையும். சாலை வேலையில் எங்கோ ஃபைபர் அறுந்து நெட் போகும். கேட்டுக்கு வெளியே டிராக்டர்கள் வரிசையாக நிற்கும்; வெயிலில் பழம் தாங்காது. "சீட்டு வராம வண்டி எப்படிண்ணா நகரும்?" என்று எடை போடும் தம்பி கேட்பதற்கு, நம் கிளவுட் ஓடும் மும்பை டேட்டா சென்டரில் பதில் கிடையாது. எடைமேடையில் இருக்கும் கம்ப்யூட்டர் நெட் இல்லாவிட்டாலும் சீட்டு எழுத வேண்டும், லைன் வந்ததும் தானாக மேலே அனுப்ப வேண்டும். இரண்டு கேட் இருந்தால் சீட்டு எண் மோதிக்கொள்ளாமல் இருக்க கேட்டுக்கு ஓர் எழுத்து முன்னால் சேர்க்க வேண்டும். கையால் எடையைத் திருத்த வழி இருக்கக் கூடாது. திருத்தினால் யார், எப்போது என்று பதிவாக வேண்டும். எந்த வேலை கிளவுடில், எந்த வேலை கேட்டிலேயே என்று முடிவெடுக்க, இரவு ஷிஃப்டில் எடைமேடை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தவரால்தான் முடியும். கிளவுட் விற்கிறவருக்கு இது தெரியாது.

பேக்கப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இரண்டு சம்பவங்கள் மட்டும். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதிக்கான கூகுள் கிளவுட் ஏற்பாடு ஓர் அமைப்புப் பிழையால் அழிந்துபோனது. வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப் மீட்புக்குக் கைகொடுத்தது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசின் சொந்த டேட்டா சென்டர் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவில் 858 டெராபைட், வெளியே நகல் இல்லாததால் போயிற்று. வாடகை இடமானாலும் சொந்த இடமானாலும் இரண்டாவது நகல் வேறு கையில் இருக்க வேண்டும். ஏப்ரலில் ஒருநாள் பேக்கப்பைப் புது மெஷினில் ஏற்றி, போன ஜூன் மாதச் சீட்டு ஒன்றைப் பிரிண்ட் எடுத்து, ஃபைலில் உள்ள காகிதச் சீட்டோடு ஒப்பிடுங்கள். எத்தனை மணி நேரம் பிடித்தது என்று குறித்துவையுங்கள். சீசனில் எவ்வளவு நேரம் கேட் நின்றுபோகும் என்பது அந்தக் கணக்குதான்.

சட்டத்தில் "கிளவுட் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்ற பேச்சுக்கே இடமில்லை. கட்டடம், மின்சாரம், மெஷின் அவர்கள் பொறுப்பு. யாருக்கு எந்த அனுமதி, எந்தத் தகவல், எந்தக் கடவுச்சொல் என்பது நம் பொறுப்பு. சைபர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி சைபர் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். யார் எப்போது என்ன செய்தார் என்று கணினி எழுதிவைக்கும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கம்பெனிச் சட்ட விதிப்படி, மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். விவசாயிகளின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் நம்மிடம் இருக்கின்றன. 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குப் பதில் சொல்ல வேண்டியது ஆலைதான். அபராதம் 250 கோடி வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. முக்கியக் கடமைகளுக்குக் கொடுத்திருப்பது 18 மாத அவகாசம்.

இவ்வளவு வேலைக்கும் வெளியிலிருந்து பெரிய சம்பளத்தில் ஆள் தேட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஹார்ட் டிஸ்க் மாற்றிக்கொண்டிருந்த உங்கள் பழைய மேனேஜருக்கு ஆலை தெரியும், எடை போடும் தம்பியைத் தெரியும், ஜூன் மாதம் தெரியும். பில் படிக்கவும் அனுமதிகளைப் பிரிக்கவும் கற்றுக்கொடுத்தால் அவர் கற்றுக்கொள்வார். அவரைப் பர்ச்சேஸ் கூட்டத்திலும் ஆடிட்டர் வரும் நாளிலும் உட்கார வையுங்கள். புது மென்பொருள் ஒப்பந்தம் அவர் படிக்காமல் கையெழுத்தாகக் கூடாது.

அந்த ஒப்பந்தத்தில் அவர் முதலில் தேட வேண்டியது வெளியேறும் வழி. 2024-ல் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும், முழுவதுமாக வெளியேறும் வாடிக்கையாளரிடம் தரவை எடுத்துச் செல்வதற்கான கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தன. நமக்கு நேரடியாக மென்பொருள் விற்கும் உள்ளூர் கம்பெனிகளின் ஒப்பந்தங்களில் இந்தப் பேச்சையே நான் அதிகம் பார்த்ததில்லை. விட்டுப் போனால் எங்கள் தரவு எந்த வடிவத்தில், எத்தனை நாளில், என்ன கட்டணத்தில் திரும்ப வரும், உங்களிடம் உள்ள நகல் எப்போது அழிக்கப்படும் என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வந்த பிறகு முன்பணம் கொடுங்கள்.